பச்சைப் பட்டனில் மரச்சிம்பு

பட்டறை கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, செங்கோட்டையில் எங்களுக்குத் தச்சுப் பட்டறை. அப்பா காலத்தில் வாங்கிய 12 அங்குல இழைப்பு மெஷின் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. 5 எச்.பி., மூன்று ஃபேஸ் மோட்டார். ஸ்டார்ட்டர் மெஷினோடு வந்தது, சுவரில் மாட்டியிருக்கிறோம். கொஞ்ச நாளாகப் பச்சைப் பட்டனை அழுத்தினால் ஓடுகிறது, விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. இப்போதைக்குப் பட்டன் இடுக்கில் ஒரு மரச்சிம்பைச் சொருகி ஓட்டுகிறோம். ஓர் எலக்ட்ரீஷியன், "ஸ்டார்ட்டரே வேண்டாம், 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டு அதிலேயே ஆன் ஆஃப் பண்ணிக்குங்க" என்கிறார். இன்னொருவர் ஸ்டார்-டெல்டா போடச் சொல்கிறார். எது சரி? பழையதையே சரிசெய்ய முடியாதா?

பதில்: முதலில் அந்தச் சிம்பை எடுங்கள். இதழை மடித்து வைத்துவிட்டுப் போய், மெயினை ஆஃப் செய்து, அதை எடுத்துப் போட்டுவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

அதில் என்ன ஆபத்து என்று சொல்கிறேன். பச்சைப் பட்டன் அழுத்தியபடியே இருந்தால், சிவப்புப் பட்டன் நீங்கள் அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் வேலை செய்யும். விரலை எடுத்த மறு நொடி மெஷின் மறுபடி கிளம்பும். மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்து மரச்சுருளைத் தள்ளிவிடக் கையைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதைத் தச்சு வேலை செய்கிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சில பழைய மாடல்களில் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் பச்சைப் பட்டன் நேராகக் கான்டாக்டையே தள்ளிப் பிடிக்கும். அதில் சிம்பு சொருகினால் சிவப்பும் கேட்காது, மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் லைனை அறுக்கும் ரிலேயும் கேட்காது. மோட்டார் கருகினாலும் லைன் அறுபடாது.

அடுத்தது கரண்ட் போய் வரும் நேரம். ஸ்டார்ட்டர் நல்ல நிலையில் இருந்தால், கரண்ட் போனதும் உள்ளே இருக்கும் நோ-வோல்ட் காயில் பிடியை விட்டுவிடும். திரும்பக் கரண்ட் வந்தாலும், நீங்கள் போய்ப் பச்சையைத் தட்டாமல் மெஷின் ஓடாது. சிம்பு இருந்தால் அந்தக் காவல் இல்லை. கரண்ட் போன நேரத்தில்தான் எல்லோரும் மெஷினைத் துடைப்பார்கள், கத்தியைத் தொட்டுப் பார்ப்பார்கள், மேஜையைச் சரிசெய்வார்கள். அப்போது கரண்ட் வந்தால், நிமிடத்துக்கு 4000 சுற்று வேகத்தை நோக்கிக் கத்தி உருளை கிளம்பும்.

எம்.சி.பி. என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச். அந்த யோசனையும் இதே காரணத்தால் வேண்டாம். எம்.சி.பி.க்குக் கரண்ட் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. நீங்கள் மேலே தள்ளி வைத்தால் மேலேயே இருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் 5 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் எடுப்பது சுமார் 7.5 ஆம்பியர். மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால், மீதி இரண்டு வயரிலும் அது 13 ஆம்பியருக்கு ஏறும். 32 ஆம்பியர் எம்.சி.பி. அந்த 13 ஆம்பியரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். மோட்டாரின் காயில்தான் கருகும். கிராமப்புற ஃபீடர்களில் சில நேரம் இரண்டு ஃபேஸ்தான் வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். காயில் கட்ட எங்கள் பட்டறைக்கு வரும் மோட்டார்களைப் பிரித்தால், ஒரு ஃபேஸ் போய்க் கருகியது பார்த்த உடனே தெரிந்துவிடும். காயில்களை முக்கோணமாக இணைத்த டெல்டா மோட்டாரில் மூன்றில் ஒரு ஃபேஸின் காயில்கள் மட்டும் கரியாக இருக்கும், மற்றவை வார்னிஷ் நிறம் மாறாமல் இருக்கும். எம்.சி.பி.யை ஸ்டார்ட்டருக்கு முன்னால் ஷார்ட் சர்க்யூட் காவலுக்கு வைக்கலாம். ஸ்டார்ட்டருக்குப் பதிலாக வைக்கக் கூடாது.

பழையதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டீர்கள். விரலை எடுத்தால் நிற்கிறது என்றால் பெரும்பாலும் ஸ்டார்ட்டரின் காயில் நன்றாகத்தான் இருக்கிறது. பச்சையை விட்ட பிறகு காயிலுக்குக் கரண்ட் கொடுத்துப் பிடித்து வைப்பது பக்கத்தில் இருக்கும் சின்னக் கான்டாக்ட். ஹோல்டிங் கான்டாக்ட் என்போம். அது தேய்ந்திருக்கும், இல்லையென்றால் அதற்குப் போகும் வயர் கழன்றிருக்கும், அதுவும் இல்லையென்றால் மரத்தூள் அடைத்திருக்கும். மூடியைக் கழற்றினால் எறும்புக் கூடோ, இரண்டு டெர்மினலுக்கு நடுவில் காய்ந்து கிடக்கும் பல்லியோ கிடைத்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். ஸ்டார்ட்டருக்குள் அடிக்கடி பார்ப்பவை இவை. பிடித்த பிறகு "கொர்ர்" என்று இரைச்சல் இருந்தால் காந்தத்தின் முகத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சின்னச் செப்பு வளையம் பதித்திருப்பார்கள். ஏ.சி. கரண்ட் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகும். அந்த நேரத்திலெல்லாம் காந்தம் பிடியை விடாமல் பார்த்துக்கொள்வது அந்த வளையம்தான். அது விரிசல் விட்டிருந்தாலோ, காந்த முகத்தில் தூள் ஒட்டியிருந்தாலோ இரைச்சல் வரும், நாளடைவில் காயில் சூடேறிப் போகும்.

அந்த மாடலுக்கு உதிரி கிடைத்தால் மாற்றிப் போட்டு ஓட்டலாம். ஆனால் உங்கள் ஸ்டார்ட்டர் மெஷின் வாங்கிய காலத்தது என்கிறீர்கள். அதன் ரிலேக்கு ஒரு ஃபேஸ் போனதைத் தனியாகக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கப் போவதில்லை. இன்று வரும் நல்ல ரிலேக்களில் அது இருக்கிறது. மூன்று ஃபேஸிலும் கரண்ட் ஒரே மாதிரி இல்லையென்றால் சீக்கிரமே தட்டிவிடும், அதாவது லைனை அறுத்துவிடும். அதற்காகவே புதிது வாங்குங்கள் என்பேன். மெஷினை மட்டும் யார் என்ன சொன்னாலும் விடாதீர்கள். அந்தக் கால வார்ப்பு இரும்பு மேஜை, இத்தனை வருடம் ஓடி உள் இறுக்கமெல்லாம் தளர்ந்து நிலைத்துவிட்ட இரும்பு. அந்தக் கனத்தில் இப்போது புதிது வாங்குவதென்றால் விலை கட்டுப்படியாகாது.

இனி எதை வாங்குவது என்று பார்ப்போம். கடைக்குப் போகும் முன் மோட்டாரின் நேம் பிளேட்டைப் படிக்க வேண்டும். அப்பா காலத்து மெஷின் என்றால் அதன் மேல் இரண்டு மூன்று கோட் பெயிண்ட் ஏறியிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும். துணியில் தின்னரை நனைத்து, பிளேட்டின் மேல் கொஞ்ச நேரம் போட்டு வைத்துத் துடைத்தால் எழுத்து மேலே வரும். எச்.பி., வோல்ட், ஆம்பியர், சுற்று, ஸ்டாரா டெல்டாவா, இந்த ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் டெர்மினல் பெட்டியைத் திறந்து எத்தனை வயர் வெளியே வருகிறது என்று பாருங்கள்.

ஸ்டார்-டெல்டா என்பது மோட்டாரைக் குறைந்த கரண்டில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, வேகம் பிடித்ததும் டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார்ட்டர். அது ஓடுவதற்கு மோட்டார் காயில்களின் ஆறு முனையும் வெளியே வந்தாக வேண்டும். பழைய மோட்டார்களில் சில சமயம் உள்ளேயே இணைத்துவிட்டு மூன்றைத்தான் வெளியே விட்டிருப்பார்கள். ஆறும் இருந்தாலும் உங்கள் மெஷினுக்கு அது தேவைப்படாது. இழைப்பு மெஷினின் கத்தி உருளை சீக்கிரம் வேகம் பிடித்துவிடும். 5 எச்.பி.க்கு, மோட்டாரை நேராக முழு வோல்டேஜில் கிளப்பும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் போதும். ஸ்டார்-டெல்டா போட்டால் மூன்று கான்டாக்டர் (காந்தம் இழுத்து இணைக்கும் சுவிட்ச்), ஒரு டைமர், ஆறு வயர். பழுதாகும் இடங்கள்தான் கூடும்.

கடையில் இப்படிக் கேளுங்கள்: 5 எச்.பி. டி.ஓ.எல்., ரிலே 6 முதல் 10 ஆம்பியர், காயில் 415 வோல்ட், தூசு புகாத பெட்டி. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

7.5 என்பது 6-10 ரேஞ்சில் நடுவில் விழுகிறது, அதனால்தான் அந்த ரேஞ்ச். ரிலேயின் குமிழை நேம் பிளேட்டில் என்ன ஆம்பியர் இருக்கிறதோ அதில் வையுங்கள். "அடிக்கடி தட்டுகிறது" என்று ஏற்றி வைப்பது மோட்டாரைக் கொல்லும் வேலை. தட்டினால் கத்தி மழுங்கியிருக்கிறதா, ஒரே தடவையில் அதிகம் இழைக்கிறீர்களா, வோல்டேஜ் குறைகிறதா என்று பாருங்கள்.

காயிலில் மட்டும் கவனம் சிதறக் கூடாது. உங்கள் மெஷினுக்கு மூன்று ஃபேஸ் வயர்தான் வருகிறது, நியூட்ரல் இருக்காது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் காயில் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் ஓட வேண்டும், அது 415. தவறி 240 வோல்ட் காயிலை இரண்டு ஃபேஸில் கொடுத்தால் பொசுங்கிவிடும். அப்படியே 415 காயிலை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் கொடுத்தால், இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் இரைந்துகொண்டே சூடாகும். உங்கள் ஊரில் மாலையில் வோல்டேஜ் இறங்குகிறது என்றால், குறைந்த வோல்டேஜிலும் பிடிக்கும் அகல ரேஞ்ச் காயில் இருக்கிறதா என்று கேளுங்கள். பம்புசெட்டுக்காக அப்படிச் செய்கிறார்கள்.

பெட்டியில் தூசு, தண்ணீர்க் காப்பைக் காட்டும் ஐ.பி. 54 அல்லது 55 என்று எழுதியிருக்கட்டும். அந்த எண் மட்டும் போதாது. வயர் நுழையும் ஓட்டையில் கிளாண்ட் (வயரைச் சுற்றி இடைவெளி இல்லாமல் பிடிக்கும் மூடி) போட்டு இறுக்க வேண்டும். கிளாண்ட் இல்லாத ஓட்டை ஒன்று இருந்தாலே போதும், மழைக்காலம் முடிவதற்குள் மரத்தூள் உள்ளே நிரம்பிவிடும். கான்டாக்ட் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தீப்பொறி வரும். மெல்லிய மரத்தூளும் தீப்பொறியும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது.

ஸ்டார்ட்டருக்கு முன்னால் லைனை முழுவதும் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சும் ஃபியூஸும் வேண்டும். ஸ்டார்ட்டர் ஷார்ட் சர்க்யூட்டைத் தாங்காது. பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் ரிலே ரேஞ்சுக்கு நேராக எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். 5 எச்.பி.க்குப் பொதுவாக 20 அல்லது 25 ஆம்பியர் எச்.ஆர்.சி. ஃபியூஸ் வரும். தாளில் இருப்பதையே போடுங்கள்.

வேலையை உரிமம் பெற்ற கம்பியாளரை வைத்துச் செய்யுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள், பட்டறை உங்களுடையது. மெயினை ஆஃப் செய்து, ஃபியூஸ் மூன்றையும் பிடுங்கி அவர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகு சீரியஸ் லாம்ப் வைத்துப் பார்க்க வேண்டும். 415 வோல்ட் என்பதால் இரண்டு குண்டு பல்புகளை வரிசையாக இணைத்தது. முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்து, அப்புறம் ஸ்டார்ட்டரில் மூன்று ஜோடியிலும், ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் வைத்து, மறுபடி கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து எரிவதைப் பார்க்க வேண்டும். நடுவில் பல்பு போயிருந்தால் கரண்ட் இல்லை என்று ஏமாந்துவிடுவோம், அதற்குத்தான் இந்தக் கடைசிச் சோதனை. டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவரை மட்டும் நம்பிக் கை வைக்கிறவரை மெஷின் பக்கமே விடாதீர்கள்.

பழைய வயரைத் தொடும்போது அதன் ரப்பர் உறை பிஸ்கட் மாதிரி உதிரும். டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். மோட்டார் டெர்மினல் வரைக்கும் புதிதாக 2.5 சதுர மி.மீ. செப்பு வயர் இழுத்துவிடுங்கள். முனைகளுக்கு லக் போட்டுக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். மூன்று ஃபேஸ் மோட்டாரின் உடம்புக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் வேண்டும் என்பது இந்தியாவில் சட்டம். பழைய பட்டறைகளில் ஒன்றுதான் இருக்கும், அதுவும் துருப்பிடித்திருக்கும். இந்தச் சாக்கில் இரண்டாவதையும் போட்டுவிடுங்கள்.

நான் மிகவும் வற்புறுத்துவது ஸ்டார்ட்டர் மாட்டும் இடத்தைப் பற்றித்தான். பழைய இடம் சுவர் என்கிறீர்கள். மரத்தை மெஷினில் கொடுத்தபடி நிற்கும் இடத்திலிருந்து கை எட்டுமா? எட்டாது என்றால் ஸ்டார்ட்டர் சுவரிலேயே இருக்கட்டும், ஸ்டாப் மட்டும் உங்களிடம் வரட்டும். காளான் போலப் பெரிய சிவப்புத் தலை உள்ள ஸ்டாப் பட்டன் ஒன்று வாங்கி, இடுப்பு உயரத்தில், மரம் கொடுக்கும் பக்கத்தில் மாட்டுங்கள். மரத்தை எதிர்ப்பக்கம் வாங்கும் ஆளுக்கும் ஒன்று. இரண்டையும் ஸ்டார்ட்டரின் ஸ்டாப் லைனில் வரிசையாக இணைத்துவிட்டால் எதை அடித்தாலும் நிற்கும். தட்டினால் அமுங்கியபடி நின்று, திருகினால்தான் விடும் வகை நல்லது. ஸ்டார்ட்டரைவிட இந்தப் பட்டன்களின் விலை மிகக் குறைவு. கை மரத்தோடு மாட்டிக்கொண்டிருக்கும்போது முழங்காலால்கூடத் தட்ட முடிகிற இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது. ஸ்டாப்பை அழுத்திய பிறகும் கத்தி உருளை கொஞ்ச நேரம் சுற்றும் என்பதைப் பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

எல்லாம் இணைத்ததும் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தட்டு தட்டி மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். கத்தி உருளையின் மேல்பகுதி, மரம் வரும் பக்கத்தை நோக்கி, மரத்துக்கு எதிராகச் சுழல வேண்டும். மாறிச் சுற்றினால் மோட்டாருக்குப் போகும் மூன்றில் ஏதாவது இரண்டு வயரை இடம் மாற்றினால் போதும். வட்ட ரம்ப மெஷின் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சுழலும்போது நட் தானாக இறுகும்படிதான் அதன் மரை இருக்கும். தலைகீழாகச் சுற்றினால் நட் தளர்ந்து ரம்பத் தட்டு கழன்றுவிடும். தெருவில் லைன் வேலை நடந்து ஃபேஸ் மாறிப்போனாலும் இப்படி ஆகலாம், அதனால் லைன் வேலை முடிந்த நாளிலும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

பெல்ட்டை மாட்டி ஓட்டி, வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரால் மூன்று வயரிலும் ஆம்பியர் பாருங்கள். மரம் கொடுக்காமல் ஓடும்போது மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவாக, முழுச் சுமைக் கரண்டைவிட நன்றாகக் குறைந்து இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் வோல்டேஜையும் மோட்டார் காயிலையும் சோதிக்க வேண்டும். அப்புறம் மெஷின் ஓடும்போதே மெயினை ஆஃப் செய்யுங்கள். முழுவதும் நின்றதும் மெயினை ஆன் செய்யுங்கள். மெஷின் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் வயரிங் தவறு, அதைச் சரிசெய்யாமல் கம்பியாளரை அனுப்பாதீர்கள்.

கேள்வி: அரும்பாவூரில் மரச்சிற்ப வேலை செய்கிறோம். வீட்டில் போர் மோட்டாருக்குப் போட்டிருந்த பழைய மூன்று ஃபேஸ் பேனல் சும்மா கிடக்கிறது. மோட்டார் 5 எச்.பி. எங்கள் பிளானரும் (இழைப்பு மெஷின்) 5 எச்.பி. அதையே இதற்கு மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: அந்தப் பேனலைத் திறந்து பாருங்கள். ஆட்டோ-மேனுவல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். கரண்ட் வந்ததும் தானாக மோட்டாரைக் கிளப்புவதற்காக வைத்தது. ராத்திரி இரண்டு மணிக்கு மூன்று ஃபேஸ் வந்தாலும் வயலுக்குத் தண்ணீர் பாய வேண்டும் என்று விவசாயிக்காகச் செய்தது. தண்ணீருக்கு அது வரம். கத்தி சுழலும் மெஷினுக்கு அது கூடவே கூடாது. "மேனுவலில் வைத்துவிட்டால் போச்சு" என்று நினைப்பீர்கள். ஒரு நாள் யாராவது கை தவறி அதைத் திருப்பினால் அன்றைக்கே ஆபத்து. மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஆட்டோ யூனிட்டை வயரோடு கழற்றி வெளியே எடுத்துவிட்டு, ஸ்டார்ட்-ஸ்டாப் பட்டன் மட்டும் இருக்கும்படி கம்பியாளரிடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு ஃபேஸ் வரும் நேரத்தில் போர் மோட்டாரை ஓட்டுவதற்காகச் சில பேனல்களில் கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். அதையும் எடுத்துவிட வேண்டும். ரிலே ரேஞ்சையும் பாருங்கள். நீர்மூழ்கி மோட்டார் அதே எச்.பி.க்குச் சாதாரண மோட்டாரைவிட அதிக ஆம்பியர் எடுக்கும், ரிலேயும் அதற்கேற்பப் பெரிதாக இருக்கும். இவ்வளவையும் கழித்துப் பார்த்தால் மிச்சம் இருப்பது ஒரு கான்டாக்டரும் ஒரு தகரப் பெட்டியும்தான். நானாக இருந்தால் புது ஸ்டார்ட்டர் வாங்கிவிட்டு, பேனலை இன்னொரு கிணற்றுக்கு எடுத்து வைப்பேன்.

ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர் அதில் இருந்தால் அதை மட்டும் பத்திரமாகக் கழற்றி வையுங்கள். நல்ல நிலையில் இருந்தால் பிளானரின் புது ஸ்டார்ட்டரோடு சேர்த்துப் போடலாம்.

கேள்வி: நாகர்கோவிலில் மரவாடி. 36 அங்குலச் சக்கரம் உள்ள பழைய பேண்ட்-சா (பட்டை ரம்பம்), 7.5 எச்.பி. மோட்டார். டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் போனதால் புது ஸ்டார்-டெல்டா போட்டோம். ரிலேயை நேம் பிளேட்டில் இருக்கிற 11 ஆம்பியரில் வைத்தோம். முன்பெல்லாம் காலையில் கிளப்பும்போது தட்டும், இப்போது தட்டுவதே இல்லை. நிம்மதிதானே?

பதில்: இல்லைங்க, இன்றைக்கே அந்த ரிலேயைப் பாருங்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர்களில் ரிலே பெரும்பாலும் மெயின் கான்டாக்டருக்குக் கீழே இருக்கும். டெல்டாவில் ஓடும்போது அந்த வழியே போவது லைன் கரண்ட் முழுவதும் இல்லை, ஒரு காயிலின் கரண்ட் மட்டும்தான். அது லைன் கரண்டில் 0.58 பங்கு. 11 ஆம்பியருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 6.4. ரிலேயை அங்கே வைக்க வேண்டும். நீங்கள் 11-ல் வைத்திருப்பதால், லைனில் 19 ஆம்பியர் போனால்தான் அது ஓவர்லோடு என்றே நினைக்கும். அதற்குள் மோட்டார் போய்விடும். ரிலே மெயின் கான்டாக்டருக்குக் கீழே இருக்கிறதா, அல்லது உள்வரும் லைனிலேயே இருக்கிறதா என்பதைக் கம்பியாளர் வயரைப் பின்தொடர்ந்து பார்த்துச் சொல்லட்டும். உள்வரும் லைனில் இருந்தால் 11 சரி.

காலையில் தட்டியதற்குக் காரணம் உண்டு. 36 அங்குல வார்ப்பு இரும்புச் சக்கரம் இரண்டையும் நின்ற நிலையிலிருந்து சுழற்றி வேகத்துக்குக் கொண்டுவர நிறைய நேரம் எடுக்கும். அவ்வளவு நேரமும் டி.ஓ.எல்.லில் ஆறேழு மடங்கு கரண்ட் ஓடும். சாதாரண ரிலே அதைப் பொறுக்காது. ஸ்டார்-டெல்டா வந்ததும் கிளம்பும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் முறுக்கு விசையும் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்பதை மறக்க வேண்டாம். டைமரை அவசரமாக 5 நொடியில் வைத்தால், சக்கரம் பாதி வேகத்தில் இருக்கும்போதே டெல்டாவுக்கு மாறி, "டம்" என்று ஒரு பெரிய இழுப்பு வரும், லைட் மங்கும். மோட்டாரின் சத்தம் ஏறி ஏறி ஒரு நிலைக்கு வந்து, இனி ஏறாது என்று காதுக்குத் தெரியும். அந்த இடத்தில் டெல்டாவுக்கு மாறும்படி வையுங்கள்.

6.4-ல் வைத்த பிறகும் கிளம்பும்போது தட்டினால் ரிலேயை ஏற்றாதீர்கள். மெதுவாகத் தட்டும் வகுப்பு ரிலே கிடைக்கிறது. கடையில் கிளாஸ் 20 அல்லது 30 என்று கேளுங்கள். அதை வாங்கும் முன் பெல்ட்டைக் கழற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். காலையில் மட்டும் கனமாக இருந்தால் பேரிங்கில் கிரீஸ் இறுகியிருக்கிறது. ராத்திரி ரம்பப் பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்தி வைக்கும் பழக்கம் இருந்தால், காலையில் சரியாக இறுக்கிய பிறகே கிளப்ப வேண்டும்.

கேள்வி: கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பம் செய்கிறேன். பழைய மரக் கடைசல் மெஷின் ஒன்று வாங்கினேன். 2 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார், நேம் பிளேட்டில் 415 வோல்ட், ஸ்டார் என்று இருக்கிறது. ஸ்டார்ட்டர் எரிந்து போயிருக்கிறது. என் வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். புது ஸ்டார்ட்டருக்குப் பதில் டிரைவ் போட்டு ஓட்டலாம் என்கிறார்கள். முடியுமா?

பதில்: முடியும். டிரைவ் என்பது வரும் கரண்டை மாற்றி மோட்டாரை ஓட்டும் மின்னணுப் பெட்டி. உங்கள் மோட்டார் அதற்கு வசதியானதுதான். 415 வோல்ட் ஸ்டார் என்றால் ஒவ்வொரு காயிலுக்கும் கிடைப்பது 240 வோல்ட். சிங்கிள் ஃபேஸில் ஓடும் டிரைவ் வெளியே கொடுப்பதும் 240 அளவு மூன்று ஃபேஸ். அதனால் டெர்மினல் பெட்டியில் ஸ்டார் பட்டையைக் கழற்றி, மூன்று பட்டைகளையும் டெல்டாவாகப் போட்டால், காயிலுக்கு அதே 240 கிடைத்துவிடும். ஆறு முனையும் வெளியே வந்திருந்தால் இது ஸ்பேனர் வேலைதான். டெல்டாவில் ஆம்பியர் 1.73 மடங்காகும், டிரைவில் மோட்டார் கரண்டைப் பதியும்போது அந்தப் புது எண்ணைப் பதியுங்கள். இதே யோசனையை 3 எச்.பி.யோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் நாட்டில் அந்த அளவிலிருந்து மோட்டார்கள் பெரும்பாலும் 415-க்கே டெல்டாவாகக் கட்டப்படுகின்றன.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் கான்டாக்டரோ சுவிட்சோ போட்டு ஓடும்போது நிறுத்தக் கூடாது, டிரைவ் போய்விடும். ஸ்டார்ட்டையும் ஸ்டாப்பையும் டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலில்தான் கொடுக்க வேண்டும். அங்கே ஒரு சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்ச் போட்டு முடிப்பதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால், சுவிட்ச் ஆனில் இருக்கும்போது கரண்ட் போய் வந்தால் பல டிரைவ்கள் தானாகக் கிளப்பிவிடும். செங்கோட்டை வாசகருக்குச் சொன்ன அதே ஆபத்து. டிரைவோடு வரும் புத்தகத்தில் த்ரீ-வயர் கன்ட்ரோல் என்று ஒரு அமைப்பு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, அழுத்தினால் திரும்பிவிடும் பச்சைப் பட்டன் ஒன்றும், காளான் தலை ஸ்டாப் ஒன்றும் போடுங்கள். தானாக மறுபடி கிளம்பும் அமைப்பு ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஓடும்போது மெயினை ஆஃப் செய்து, நின்றதும் ஆன் செய்து சோதித்துக்கொள்ளுங்கள். டிரைவுக்குள் காற்றாடி இருக்கும், மரத்தூளை உறிஞ்சி உள்ளே நிரப்பிக்கொள்ளும். அதனால் கடைசல் மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டாமல், தூள் வராத சுவரில் மாட்டி வயரை இழுத்து வாருங்கள். எதற்காவது அதன் மூடியைத் திறக்க வேண்டியிருந்தால், மெயினை ஆஃப் செய்து பத்து நிமிடம் கழித்துத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் கரண்ட் போன பிறகும் சார்ஜை வைத்திருக்கும்.